மங்கலம்பேட்டை வரைக்கும்

பெரியநாயகியின் பேட்டரி ஆட்டோ மங்கலம்பேட்டைக்குப் போகும் வழியில் மறுபடியும் நின்றுபோனது. பின்னால் பெட்டி பெட்டியாக விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள். வேறு வண்டி பிடித்துச் சரக்கை அனுப்பிவிட்டு, மஸ்கட்டில் இருக்கும் கணவனுக்குப் போன் போட்டாள்.

சாமிதுரை அங்கே எலக்ட்ரீஷியன். "பழைய பேட்டரி இனிமே தாங்காது. லித்தியம் போட்டுடலாம். கண்டவன் கையில குடுக்காத, லீவுல வந்து நானே மாட்டுறேன்" என்றான்.

காத்திருந்தாள். பொங்கலுக்கு என்ற லீவு சித்திரைக்குத் தள்ளிப்போனது. சித்திரையில், இப்போதைக்கு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அன்று அவன் குரலே இறங்கியிருந்தது. "நீயே போட்டுடு, நாயகி."

ஜங்ஷன் ரோட்டில் பழமலைநாதனின் பேட்டரிக் கடை. அவர் கையுறை மாட்டிக்கொண்டு, நெகடிவ் வயரை முதலில் கழற்றி, ஆசிட் சிந்தாமல் பழைய பேட்டரிகளை நிமிர்ந்த வாக்கிலேயே இறக்கினார். நாலு பேட்டரி இருந்த இடத்தில் இப்போது ஒரே பெட்டி. குலுங்காமல் இருக்க இரும்புப் பட்டை வைத்து போல்ட்டு முடுக்கினார்.

"பழைய சார்ஜர் நல்லாத்தான் இருக்குது. அதையே வச்சிக்கலாமாண்ணே?"

"கூடவே கூடாதும்மா. அது ஆசிட் பேட்டரிக்கானது. இதுல சொருவுனா சூடேறித் தீயே புடிக்கலாம். இதுக்குன்னு வர்ற சார்ஜர்தான் போடணும். இனிமே தண்ணி ஊத்துற வேலையும் இல்ல."

பெரியநாயகிக்கு என்னவோபோல் ஆனது. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் சாமிதுரை முதலில் கேட்பது அதைத்தான்: பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனியா? ஊற்றியிருந்தாலும் இல்லை என்பாள். அவள் ஊற்றி முடிக்கும்வரை அவன் லைனிலேயே இருப்பான்.

மாட்டி முடித்ததும் வீடியோவில் வந்தான். "ஃபியூஸ் எங்க, காட்டு. வயரு தடிமனா போட்டிருக்காரா? மொத சார்ஜு வாசல்ல போடு, வூட்டுக்குள்ள வேணாம். பக்கத்துலயே இரு." கேட்க வேண்டியதெல்லாம் கேட்ட பிறகும் போனை வைக்கவில்லை. "நான் மாட்ட வேண்டியது" என்றான்.

மறுநாள் மங்கலம்பேட்டைக் கடையில் சரக்கை இறக்கும்போது, எதிர் வீட்டு வாசலில் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு கார் வந்து நின்றது; பெரிய பெட்டியோடு ஒருவன் இறங்கினான். பெட்டியைத் தூக்க ஓடி வந்த மனைவி, தூக்காமல் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் உள்ளே போகும்வரை பெரியநாயகி வண்டியை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஓரங்கட்டி, போன் போட்டாள். சாமிதுரைக்கு டூட்டி நேரம். உடனே எடுத்தான்.

"என்னா, சார்ஜு எறங்கிடுச்சா?"

"பாதிக்கு மேல இருக்குது."

"பின்ன?"

"சும்மாதான் கூப்புட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒதுங்கிப் போனான் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது. எப்ப வருவீங்க என்று அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"தீபாவளிக்குக் கண்டிப்பா வரேன், நாயகி."

"வாங்க" என்றாள்.