மாலை போடுபவர்களுக்கு டீ உண்டு

அப்பா ஐஸ் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு, நெற்றியில் காசு ஒட்டச் சொன்னார். சந்தனத்தைக் குழைத்துக் கையில் வைத்திருந்தேன். காசு சந்தனத்தில் வழுக்கி அவர் கண்ணின் மேல் விழுந்தது.

"சிரிக்காம ஒட்டு, இலக்கியா."

நான் சிரிக்கவில்லை. செத்தவர்களுக்கு ஒட்டுகிற காசை உயிரோடு இருக்கும் நெற்றியில் ஒட்டினால் விரலுக்கடியில் சூடு தெரிகிறது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அவரே காசை அழுத்தி ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணாடி மூடியை இறக்கி, காற்றுக்காக ஓரத்தில் துண்டை மடித்துக் கொடுத்தேன்.

அம்மா உள்ளறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தைத்த ரவிக்கைகளுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். "கட்டுன பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இந்த மனுசன் பொட்டிக்குள்ள போயிப் படுத்துக்கிட்டு, கேட்டா ப்ரோக்ராமாம்," என்று சுவரிடம் சொன்னாள்.

அப்பா பெயர் திருப்பதி. புதுக்கோட்டையில் ஃப்ளெக்ஸ் கட்டுவது தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சட்டம் அடித்து நிறுத்துவார். விசேஷம் முடிந்து அவிழ்த்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, முகங்களை மட்டும் வெட்டி, கோணி ஊசியால் சட்டையாகத் தைப்பார். ஒரு மாப்பிள்ளையின் மூக்கு, ஒரு வட்டச் செயலாளரின் மீசை, செத்துப்போன யாரோ ஒரு ஆச்சியின் கண்கள். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்று இல்லாத வண்டிகளுக்கு ஆள் கூப்பிடுவார். "நேத்து, முந்தாநேத்து, போன வருசமெல்லாம் ஏறு! வழியில எங்கிட்டும் நிக்காது!" ஒருநாள் ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "எந்த இடத்துல நிக்கிது தம்பி?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு, மிமிக்ரி செய்வார் என்று நம்பி அவரை அழைத்தார்கள். மேடையேறி ஒரு மடக்கு நாற்காலியை விரிக்க முயன்றார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. நாற்காலி விரியவேயில்லை. முதலில் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள், பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர் வேர்த்து ஒழுக, நாற்காலியிடம் கெஞ்சி, அதைத் தோளில் போட்டுத் தாலாட்டினார். கடைசியில் விளக்கை அணைத்தார்கள். மறுநாள் நான் வகுப்பில் நுழைந்தபோது எல்லாரும் எழுந்து, கையில் இல்லாத நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பாவிடம் வயிற்றுவலி என்று சொன்னேன்.

அந்த நாற்காலியை யாரோ படமெடுத்துப் போட, சென்னையில் ஒரு சின்ன அரங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். நல்ல கைதட்டலாம். ஆனால் திரும்பி வந்தவர் முகம் வாடியிருந்தது. "நா வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே சிரிக்கிறாங்கம்மா. அப்புறம் நா எதுக்கு?" என்றார். யாரும் சிரிக்க முடியாத இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

அப்படி வந்ததுதான் இது. தன் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்து, தெருமுனையில் தானே ஏணி போட்டுக் கட்டினார். அடியில் பொடி எழுத்தில், 'மாலை போடுபவர்களுக்கு டீ உண்டு. ஒப்பாரி தொடங்கியதும் இறந்தவர் எழுந்து நன்றியுரை ஆற்றுவார்' என்று இருந்தது. அஞ்சலி ஃப்ளெக்ஸில் முகத்தைப் பார்ப்பார்கள். அடி வரியை யார் படிக்கிறார்கள்?

தெருக்காரர்கள் படித்திருந்தார்கள். கல்லூரிப் பையன்கள் போனோடு வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு அமுதவல்லி அக்கா மாலை போட்டுவிட்டு, "ஏண்ணே, போறதுதான் போறீங்க, அந்த ஏணிய எங்க வீட்டுக்குக் குடுத்துட்டுப் போங்க," என்றாள். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா அசையவில்லை. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. நிஜமான ஒப்பாரி.

ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. தலைவிரி கோலமாகப் பெண்கள் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் செருப்பில்லாமல் ஒருவர் வந்தார். ஒரு கையில் ரோஜா மாலை, மறுகையில் தாம்பாளம். அம்மாவின் பழைய போட்டோவில் மட்டும் நான் பார்த்திருந்த முகம். அம்மாவின் அண்ணன், வல்லத்திராக்கோட்டை நல்லதம்பி மாமா. அம்மா ஃப்ளெக்ஸ் கட்ட வந்தவரோடு ஊரைவிட்டுப் போனாள் என்பதால், அந்த வீட்டில் எழவு விழுந்தால்தான் வாசல் மிதிப்பேன் என்று சொன்னவர். நான் பிறந்ததற்கும் வரவில்லை. இப்போது போனில் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்து வந்திருக்கிறார். அந்தப் படத்தில் அடி வரி விழவில்லை.

தாம்பாளத்தில் கோடிச் சேலை இருந்தது. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுகிற புதுச்சேலை. அது தோளில் விழுந்துவிட்டால் அடுத்து பொட்டை அழிப்பார்கள்.

என் கையிலிருந்த டீ கீழே ஊற்றிக்கொண்டேயிருந்தது.

அம்மா எழுந்து வந்தாள். மடியிலிருந்த ஹூக்கெல்லாம் தரையில் சிதறியது.

"சொர்ணா..." மாமாவுக்குக் குரல் உடைந்தது. "நா வந்துட்டேன் ஆத்தா. இம்புட்டு நாளும் பாவி வராம இருந்துட்டேனே!"

"அண்ணே," என்றாள் அம்மா. அவர் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததேயில்லை. வந்த பெண்கள் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "ராசாத்தி, ஒன்னய இப்புடிப் பாக்கவா ஓடியாந்தோம்," என்று மாரில் அடித்துக்கொண்டார்கள். பையன்கள் போனை இறக்கினார்கள். ஒருவன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

ஒப்பாரி தொடங்கிவிட்டது. அப்பா எழ வேண்டும்.

எழவில்லை. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். இமைகளை இறுக்கி மூடியிருந்தார். நடிக்கும்போது அவர் அப்படி இறுக்க மாட்டார். எழுந்தால் மாமா அந்த நிமிடமே போய்விடுவார், இனி எழவுக்கும் வரமாட்டார். எழாவிட்டால் அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மாவுக்குக் கோடி விழும். யாராவது சொல்ல வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். குனிந்து, சிதறிய ஹூக்குகளைப் பொறுக்கினேன்.

மாமா சேலையை உதறி அம்மாவின் தோளில் போட்டார். அம்மா விலகவில்லை. ஒரு கிழவி அவள் பொட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தக் கையை அம்மா பிடித்து நிறுத்தினாள். "இருங்க," என்றாள். பிடித்த கையை விடவில்லை.

மாமா மாலையோடு பெட்டியருகே வந்து குனிந்தார். அப்பாவின் வாய்க்கு நேரே கண்ணாடியில் உள்ளங்கையளவு ஆவி படிந்திருந்தது. மாமா பார்க்கப் பார்க்க அது சுருங்கியது. மறுபடி விரிந்தது. மாலையைப் பிடித்த கைகள் அந்தரத்திலேயே நின்றன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இந்தப் பொட்டிக்குக் கரண்டு குடுக்கலையா?" யாரிடமும் என்றில்லாமல் கேட்டார்.

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது.

"குடுக்கலண்ணே," என்றாள் அம்மா.

"ஏன்?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அவருக்குக் குளுரு ஆகாதுண்ணே."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது. கிழவி கையை உதறிக்கொண்டு, "அடப் பாவிகளா!" என்று வாயைப் பொத்தினாள். இரண்டு பெண்கள் அதற்குள் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். வண்டிக்காரன் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

மாமா மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார். அம்மாவிடம் போய் அவள் தோளிலிருந்த கோடிச் சேலையை உருவினார். அதை அவள் முகத்தில் எறிந்துவிட்டுப் போகப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பெட்டியருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சேலையை மடியில் சுருட்டி வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

சேலையின் ஒரு முனையைப் பிடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே அப்பா ஒரு கண்ணைத் திறந்திருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஆவி மெல்லப் படிந்து அந்தக் கண்ணை மறைத்தது. மாமா மறுபடி துடைத்தார்.