பல் விடாத தவக்காலம்

தவக்காலத்தின் நான்காம் சனிக்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு, முதல் வகுப்புப் படிக்கும் தேக்லா தன் அப்பா மனூசோஸின் வலது மணிக்கட்டைக் கடித்தாள். பதினோரு நாள் விடவில்லை. தொலைக்காட்சி விளம்பரத்தில் சிறகுவைத்த குதிரைப் பொம்மை வாலை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தது. அதை வாங்கித் தரச் சொன்ன பிள்ளையிடம் "அதெல்லாம் வேணாம்" என்று அவன் சொன்னதுதான் தாமதம். கிரீட் தீவின் மலையூரான கலிவோவில் அந்த வாரம் பத்தொன்பது பிள்ளைகள் இப்படிப் பெற்றவர்களைக் கவ்வினார்கள். மருந்துக்கடைக்காரருக்குச் சுண்டுவிரலே போயிற்று. கவ்வியபடியே பிள்ளைகள் தூங்கினார்கள், கடைவாயில் ஊற்றிய பருப்புக் கஞ்சியைக் குடித்தார்கள். மனூசோஸ் மகளைக் கையில் தொங்கவிட்டபடியே ஆட்டுப்பட்டிக்குப் போய் வந்தான். மருத்துவர் குறடு போட்டு இரண்டு பால்பற்களைப் பிடுங்கினார். மதியத்துக்குள் அங்கே பெரியவர்களின் பல் முளைத்து எலும்பைத் தொட்டது. "கையை எடுத்துடலாமா?" என்றார் அவர்.

தேக்லாவின் ஞானத்தாய் கரிக்ளியா. 'நோனா' என்று கூப்பிடுவாள் பிள்ளை. உயிர்ப்புப் பண்டிகைக்கு ஞானத்தாய் புதுச் செருப்பும் அலங்கார மெழுகுவர்த்தியும் கொடுத்தாக வேண்டும். ஊரின் ஒரே மெழுகுவர்த்திக் கடை அவளுடையது. விளம்பரத்தில் வரும் பொம்மையை மெழுகுவர்த்தியில் கட்டி விற்பது அவள் கண்டுபிடித்த வித்தை. அந்த வருஷம் இருநூறு குதிரை இறக்கியிருந்தாள். காப்பிக்கடையில் ஊர் கூடியபோது, மலைமேல் ஊராட்சி வைத்த ஒளிபரப்புக் கோபுரத்தைப் பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் மூடிவிடலாம் என்றார் பள்ளிக்கூட ஆசிரியர். கரிக்ளியாவுக்கு வந்ததே கோபம்.

"ஊரு பொழப்பைக் கெடுக்கவா வந்தீங்க? டிவியை அணைக்க உங்களுக்குக் கை இல்லையா?"

"இருந்துச்சுக்கா," என்றான் மனூசோஸ். "இதோ, இவ வாய்ல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. கரிக்ளியா வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள், புனித வாரத்துக்கு முன் யாரும் கொடுக்காத மெழுகுவர்த்தியைக் குதிரையோடு கொண்டுவந்து நீட்டினாள். தேக்லா வாயைத் திறந்தாள். அப்பனுடைய கை கறுத்துப்போய்த் துவண்டு தொங்கியது. எல்லா வீட்டிலும் அன்று குதிரை வாங்கினார்கள், எல்லாப் பல்லும் விட்டது. அட, இவ்வளவுதானா என்று ஊர் பெருமூச்சு விட்டது. மாலை ஆறேகாலுக்குக் குதிரைக்கு ஒரு லாயம் வந்திருப்பதாக விளம்பரம் பாடியது. "நோனா, லாயம்?" என்றாள் தேக்லா. "அடியே, இப்பத்தானே..." என்று கரிக்ளியா சொல்லி முடிப்பதற்குள் பல் அவள் கழுத்தில் இறங்கிவிட்டது.

இன்னொரு பதினோரு நாள். ரத்தம் ஊறிய சட்டையோடு, பிள்ளையைக் கழுத்தில் சுமந்தபடி பெரிய வெள்ளி ஊர்வலத்தில் நடந்தாள். வாங்கிக் கொடுத்த வீடு எதுவும் தப்பவில்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று வைக்கோலில் யூதாஸ் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டு, துப்பாக்கியால் சுட்டு எரிப்பது வழக்கம். அந்த வருஷம் யூதாஸுக்கு வைக்கோல் தேடவில்லை. அறுபத்தோரு தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கோயில் முற்றத்தில் அடுக்கி ஆண்கள் சுட்டார்கள். கண்ணாடி தெறித்து ஒருவனுக்குக் கண் போயிற்று, இரண்டு ஆடுகள் செத்தன. சுக்குநூறான பெட்டிகளிலிருந்து ரத்தம் வடிந்தது, ஆறேகாலுக்குப் பாட்டும் வந்தது. சுட்டவர்களின் கெண்டைக்காலில் பிள்ளைகள் பாய்ந்தார்கள். கரிக்ளியா மனூசோஸின் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, கழுத்துப் பிள்ளையோடு மலையேறினாள். கோபுரத்துப் பெட்டியில் இரண்டு தோட்டாவையும் இறக்கினாள். பாட்டு நின்றது. பல் மட்டும் விடவில்லை.

"தேக்லா, நல்லா கேட்டுக்கோ. லாயம் கிடையாது. செத்தாலும் வாங்கித் தர மாட்டேன். கடிக்கிறதுன்னா கடி."

வெகுநேரம் கழித்துத் தேக்லா வாயை எடுத்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "வலிச்சுதா நோனா?" என்று கேட்டாள்.

மற்ற வீடுகளிலும் அப்படியே சொன்ன பிறகு எல்லாப் பிள்ளைகளும் பல்லை எடுத்தார்கள். மிச்சக் குதிரைகளை யூதாஸ் தீயில் போட்டார்கள். அவை பாடிக்கொண்டே எரிந்தன. கோபுரத்தைப் பழுதுபார்த்து, பிள்ளைகள் தூங்கும்வரை விளம்பரம் கூடாது என்று ஊராட்சி பூட்டுப் போட்டது. மனூசோஸின் விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. பால் கறக்கும் வேலை தேக்லாவுடையது. கரிக்ளியா இப்போது வெறும் மெழுகுவர்த்தி விற்கிறாள். தினமும் மாலையில் அவள் கழுத்துத் தழும்பில் சரியாக மூன்று சொட்டு ரத்தம் வரும். அவள் துணியால் ஒற்றிக்கொள்வாள். கடையில் நிற்பவர்கள், ஆறேகால் ஆகிவிட்டது என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.