கழிவுநீர்க் குழாய்களின் சனிக்கிழமை

அந்தக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அங்கே ஆவணக் காப்பாளர். மறைந்துபோன கட்டடக்கலைஞர்களின் வரைபடங்கள், கடிதங்கள், அட்டையில் செய்த மாதிரிக் கட்டடங்கள் எல்லாம் கீழ்த்தளத்தில் நான்கு அறைகள் நிறைய அவள் பொறுப்பில் இருந்தன. ஒரு தாளைப் பார்க்க வேண்டுமென்றால் கையைக் கழுவ வேண்டும், பையை வெளியே வைக்க வேண்டும், பேனாவை ஒப்படைத்துவிட்டுப் பென்சில் வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு உள்ளே வருகிறவர்களை அவள் பார்க்கிற பார்வையில் பாதிப் பேருக்கு வந்த வேலையே மறந்துபோகும்.

மாடியில் பொது நிகழ்ச்சிகளுக்கு ஒருவன் இருந்தான். முப்பத்தைந்து வயது. எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் எத்தனை பேர் வருவார்கள் என்பதில்தான் கொண்டுபோய் முடிப்பான். அவனுக்குக் கூட்டக்காரன் என்று பெயர் வைத்தது பூட்டம்மாதான். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதை இயக்குநர் முடிந்தவரை தவிர்த்து வந்தார். அந்தத் திங்கட்கிழமை தவிர்க்க முடியவில்லை.

"மாசத்துல ஒரு சனிக்கிழமை, கீழ இருக்கறதுல ஏதாவது ஒண்ண எடுத்து ஜனங்களுக்குக் காட்டணும்" என்றார் இயக்குநர். "பூட்டியே வெச்சிருந்தா நமக்கும் கிடங்குக்கும் என்ன வித்தியாசம்னு மேலிடத்துல கேக்கறாங்க."

"கிடங்குல எலி இருக்கும் சார். எங்கிட்ட இல்ல. அதான் வித்தியாசம்."

கூட்டக்காரன் சிரித்தான். இயக்குநர் சிரிக்கவில்லை. "எதைக் காட்டறதுங்கறது உங்க இஷ்டம். காட்டணுங்கறது என் முடிவு."

பூட்டம்மா கோபத்தோடு படியிறங்கினாள். ஒரு தாள் நூறு கைகளில் போனால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு யார் சொல்வது? மடிப்பில் விரிசல் விடும், ஓரம் நார் நாராகப் போகும். அதன்பிறகு ஒட்டு வேலைக்கு அவள்தான் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்றாவது அறைக்குள் நுழையும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. இஷ்டம் என்றாரே. சரி, இஷ்டப்படியே செய்துவிடலாம்.

அங்கே ஒரு பெரிய கட்டடக்கலைஞரின் சேகரிப்பு இருந்தது. நாடக அரங்கம், நூலகம், ரயில் நிலையம் என்று பேர் வாங்கியவர். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவருடைய மகள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். அழகான வரைபடங்களைப் பூட்டம்மா முதல் இரண்டு வருடத்திலேயே தாள் தாளாகப் பதிவு செய்து முடித்துவிட்டாள். மீதி உருளைகள் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தன. அதில் ஒன்றை இழுத்தாள். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் குழாய் வரைபடங்கள். தண்ணீர் வரும் வழி, போகும் வழி, அவ்வளவுதான்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு.

"கக்கூஸ் பைப்பைப் பாக்க எவன் வருவான்?" என்றாள் அவள்.

"நீ வேணும்னே பண்றே."

"ஆமா, வேணும்னேதான் பண்றேன். நாலு பேர் வருவாங்க. ரெண்டு பேர் தூங்குவாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து இந்தக் கூத்து நின்னுடும்."

புதன்கிழமை காலையில் வாசல் கண்ணாடிக் கதவில் சுவரொட்டியைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. குடியிருப்பின் படம் பெரிதாக. மேலே கொட்டை எழுத்தில், 'உங்கள் சுவருக்குள் என்ன ஓடுகிறது?'

நேரே மாடிக்குப் போனாள். "நான் குடுத்த தலைப்பு என்ன?"

"'குடிநீர், கழிவுநீர் அமைப்பு வரைபடங்கள்: ஒரு தெரிவு'" என்று கூட்டக்காரன் பார்க்காமலே ஒப்பித்தான்.

"அதுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல மேடம். படிச்சா தூக்கம் வருது, அவ்வளவுதான். அப்புறம், அந்தக் குடியிருப்பு இங்கேர்ந்து ரெண்டு ஸ்டாப்புதானே? அங்க மாடிப்படியிலயும் ஒண்ணு ஒட்டிட்டு வந்தேன்."

"அங்க எதுக்கு?"

"அவங்க வீடு மேடம். அவங்க பாக்க வேண்டாமா?"

அவள் விடுவிடுவென்று படியிறங்கினாள். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமைக்கு மேல்தள அறையில் இருபது நாற்காலி போட்டிருந்தாள். எட்டுத் தாள்களை மேசைகளில் விரித்து, ஓரம் சுருளாமல் சின்ன மணல் பைகளை வைத்தாள். பத்து மணிக்கு எழுபத்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்தால் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் மாதிரியே இல்லை. வழக்கு விசாரணைக்கு வந்தவர்கள் மாதிரி இரண்டு கட்சியாகப் பிரிந்து, அறையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

"கை கழுவிட்டு வாங்க" என்றாள். பாதிப் பேர் கழுவினார்கள். "பையை வெளிய வைங்க." யாரும் வைக்கவில்லை. "கிட்ட வராதீங்க, வரிசையா..." அதற்குள் நடு மேசையில் நான்கு தலைகள் முட்டிக்கொண்டன. கூட்டக்காரன் ஓரமாக நின்று ஆனந்தமாக எண்ணிக்கொண்டிருந்தான்.

விஷயம் மெல்ல விளங்கியது. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அவருடைய படுக்கையறைச் சுவரில் பதினோரு வருடமாகத் தண்ணீர் ஊறுகிறது. நேர் மேலே நான்காம் மாடியில் ஒரு தையல்காரம்மா. உன் குளியலறைதான் ஒழுகுகிறது என்று இவர் சொல்ல, அவள் மூன்று தடவை குளியலறைத் தரையை உடைத்துப் போட்டுவிட்டாள். ஊறல் நிற்கவில்லை. இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மற்ற வீடுகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிட்டன. உடைத்த பிளம்பரும் வந்திருந்தார், பாவம், இரண்டு கட்சிக்கும் பொதுவாகக் கதவோரம் நின்றார். கட்டடத்தின் வரைபடம் எங்கே என்று பதினோரு வருடமாக யாருக்கும் தெரியவில்லையாம். மாடிப்படிச் சுவரொட்டியைப் பார்த்துத்தான் எல்லாரும் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

"இதோ, இதான் அந்தம்மா குளியலறை" என்று தபால்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, மூடியைக் கழற்றி, தாளில் வட்டம் போடக் குனிந்தார்.

பூட்டம்மா ஒரே எட்டில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பேனா முனைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு விரலளவு இடம் இருந்தது.

"அம்பது வருஷம் ஒரு கோடு படாம இருந்த தாள் சார் இது."

"கோவிச்சுக்காதீங்கம்மா. அம்பது வருஷமா எங்கம்மா இருந்துது?"

"இங்கதான். ஒன்பது வருஷமா இங்கதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "ஒன்பது வருஷமா இங்கயா இருந்துது? நான் ரெண்டாவது தடவ தரைய உடைச்சது ஆறு வருஷத்துக்கு முன்னாடி."

பிளம்பர் எட்டுத் தாள்களையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மேடம், இதுல தரைத்தளம் இருக்கு, ஒண்ணாம் மாடி இருக்கு. எங்களுக்கு வேண்டியது மூணும் நாலும்."

"கீழ இருக்கும்" என்றாள் பூட்டம்மா. இருக்கும் என்றாளே தவிர, எந்தத் தாளில் என்று அவளுக்குத் தெரியாது. பதிவேட்டில் அவள் கையெழுத்திலேயே ஒற்றை வரிதான் இருந்தது. 'குடியிருப்பு, பலவகை, 212 தாள்கள்.' அழகில்லாத தாள்கள் என்று அன்றைக்கு அவ்வளவோடு விட்டிருந்தாள். இப்போது கீழே போய், முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். யார் இப்படித் தாறுமாறாகச் சுருட்டினார்கள் என்று மனசுக்குள் திட்டினாள். அதிலும் பாதியைச் சுருட்டியது அவள்தான். எழுபத்து மூன்று பேரை நாற்பது நிமிடம் மேலே காக்க வைத்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்துத் தேடியதில் நூற்று அறுபத்தேழாவது தாள் கைக்குக் கிடைத்தது.

மேலே கொண்டுவந்து விரித்ததும் பிளம்பர் குனிந்தார். மைக்கோடுகளுக்கு மேல் சிவப்புப் பென்சிலில் யாரோ திருத்தியிருந்தார்கள், கட்டும்போது மேற்பார்வை பார்த்த பொறியாளராக இருக்க வேண்டும். வெளிச்சுவரில் இறங்க வேண்டிய மழைநீர்க் குழாயை அடித்துவிட்டு உள்ளே ஒரு கோடு. அது மொட்டைமாடி மூலையில் தொடங்கி, நான்காம் மாடிச் சுவருக்குள் நேராக இறங்கி, மூன்றாம் மாடிக் கூரைக்குக் கீழே முழங்கை மாதிரி மடங்கியது.

"அட!" என்றார் பிளம்பர். "மாடித் தொட்டி தெனமும் நிரம்பி வழியுதுல்ல, அந்தத் தண்ணி மூலையில இருக்கற ஓட்டைல போயிடும். ஓட்டை வெளிப் பைப்புக்குப் போகுதுன்னுதானே நான் இத்தனை நாளும் நெனச்சிட்டிருந்தேன்! இது இந்த சார் வீட்டுச் சுவருக்குள்ள வந்து திரும்புது. குளியலறைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

தையல்காரம்மா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு தடவ" என்றாள். "மூணு தடவ உடைச்சேனேய்யா."

தபால்காரர் பேனாவுக்கு மூடி போட்டார்.

பிளம்பர் தாளைச் சுருட்டப் போனார். "ஒரு மணி நேரத்துல கொண்டாந்துடறேன் மேடம்."

"தொட்டீங்கன்னா தெரியும்!"

பெரிய தாள்களைப் படியெடுக்கும் இயந்திரம் பழுதாகி எட்டு மாதம் ஆகிறது. கடிதம் மேல் கடிதம் எழுதிப் பார்த்தாயிற்று. கைபேசியில் கூட்டக்காரன் எடுத்த படத்தில் சிவப்புக் கோடு சரியாக விழவில்லை. வேறு வழியில்லாமல் பூட்டம்மா வரைபடத்தின் மேல் கண்ணாடித் தாளைப் பரப்பி, அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே பென்சிலால் ஒற்றி வரைந்தாள். அளவுகளை எழுதினாள். எழுதும்போதே ஒரு சந்தேகம். சிவப்பில் இருந்த எண் சென்டிமீட்டரா, அங்குலமா? இந்தப் பொறியாளர் வேறு தாள்களில் எப்படி எழுதுவார் என்று தெரிந்தவர் அந்த அறையில் ஒரே ஒருவர்தான்.

"நானே வரேன்" என்றாள் எரிச்சலோடு. "நீங்க எங்கேயாவது தப்பா உடைச்சு வெச்சா, அதுக்கும் வரைபடத்தைத்தான் குத்தம் சொல்வீங்க."

ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய ஒரே ஓய்வு நாள். தபால்காரர் வீட்டுப் படுக்கையறையில் துணி அலமாரியை நகர்த்தி வைத்திருந்தார்கள். சுவர் கூரையிலிருந்து இடுப்பளவு வரை கறுத்து, பூச்சு அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. கூரையிலிருந்து பதினாறு அங்குலம், சன்னலிலிருந்து ஒன்பது என்று பூட்டம்மா டேப்பைப் பிடித்து அளந்து குறி போட்டாள்.

"இன்னொரு தடவ யோசிச்சுக்கலாமா?" என்றார் தபால்காரர். தன் சுவர் என்றதும் அவருக்கு மனசு வரவில்லை.

"என் தரைய உடைக்கறப்ப யோசிச்சீங்களா?" வாசலில் தையல்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் காலடி வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

பிளம்பர் உளியை வைத்து அடித்தார். நாலாவது அடியில் செங்கல் பெயர்ந்தது. பத்தாவது அடியில் துருப்பிடித்த இரும்பு தெரிந்தது. மடங்குகிற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு, அதிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது. மொட்டைமாடியில் தொட்டியைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். சொட்டு ஓட்டமாக மாறித் தரையெல்லாம் வழிந்தது. தபால்காரரின் மனைவி வாளியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

தபால்காரர் அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். "நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார்.

"சுவரப் பாத்துச் சொல்லாதீங்க" என்றாள் தையல்காரம்மா. "நான் இங்க நிக்கறேன்."

அவர் திரும்பினார். வயசான மனிதர், முகம் சிவந்துவிட்டது. "தப்பா நெனச்சுட்டேம்மா. கண்டபடி பேசியும் இருக்கேன். மனசுல வெச்சுக்காதீங்க."

தையல்காரம்மா உள்ளே வந்தாள். அவர் மனைவி கையிலிருந்து நிரம்பிய வாளியை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள். பூட்டம்மா கையில் பிடித்திருந்த டேப்பைச் சுருட்டினாள். ஏனோ அவளுக்குத் தன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. அந்த ஒற்றை வரியை அன்றைக்கு நாலு வரியாக எழுதியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

திங்கட்கிழமை இயக்குநர் அறையில் கூட்டக்காரன் தரையில் கால் பாவாமல் நின்றான். "மூணு குடியிருப்புலேர்ந்து போன் மேடம்! அடுத்த மாசம் மின்சாரக் கம்பி வரைபடம் காட்டலாம். நூத்தம்பது நாற்காலி வாடகைக்குச் சொல்லிடலாமா?"

"ஒரு நாற்காலியும் வேண்டாம்" என்றாள் பூட்டம்மா. "சார், கீழ 'பலவகை'ன்னு நாப்பத்தோரு உருளை கெடக்கு. எதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. அதத் தாள் தாளா பதிஞ்சு முடிக்காம நான் எதையும் மேல கொண்டுவர மாட்டேன். பதிய ஒரு ஆள் வேணும். அந்த மெஷின் வேணும். நாப்பது நிமிஷம் ஜனங்கள நிக்க வெச்சு முட்டி போட்டுத் தேடற அசிங்கம் எனக்கு இன்னொரு தடவ வேண்டாம்."

இயக்குநர் நெற்றியைத் தடவினார். மெஷினுக்கு மறுபடி எழுதிப் பார்க்கலாம் என்றார். ஆள் கிடையாது என்றார். பிறகு கூட்டக்காரன் பக்கம் திரும்பி, "வாரத்துல ரெண்டு நாள் நீங்க கீழ போங்க" என்றார்.

இரண்டு பேரும் ஒரே குரலில், "சார்!" என்றார்கள்.

அன்று மத்தியானமே அவன் கை கழுவிவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. ஒவ்வொரு தாளையும் சத்தமாக வாசித்தான். ஆஸ்பத்திரி என்றால் எத்தனை படுக்கை என்று வியந்தான். பள்ளிக்கூடம் என்றால் அதில் படித்தவர்களைக் கூட்டிவரலாமே என்று திட்டம் போட்டான். பதினைந்தாவது தாளுக்குள் பூட்டம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது.

"மனசுக்குள்ள படிக்க வராதா உனக்கு?"

"வரும் மேடம். ஆனா இதப் பாருங்களேன், ஒரு நீச்சல் குளம், கட்டவே இல்ல போல..."

"குடு இங்க" என்று அவள் தாளைப் பிடுங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அந்தத் தாளுக்கு மட்டும் ஐந்து வரி எழுதினாள்.