கருத்தம்மாள் வீட்டு சோபா

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியது அல்ல. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதுபோல, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போன கதை. கொடுத்தவர் பெயர் கருத்தம்மாள். மம்சாபுரத்துக்காரர்.

நான் மின்வாரிய அலுவலகத்தில் பில் கட்டும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் பெயரில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றை முழுதாக வாசித்தவர் என்று நான் நம்புவது அச்சகத்தில் பிழை திருத்தியவர் ஒருவரைத்தான். அவரும் உள்ளூர் இல்லை, மதுரைக்காரர்.

பில்லைக் கட்டி ரசீதை வாங்கிய பிறகும் கருத்தம்மாள் நகரவில்லை.

"அண்ணாச்சி, நீங்க கதை எழுதுவியளாமே. வாடகைக் கட காதர் பாய் சொன்னாரு."

"எழுதுவேன். ஏம்மா?"

"டிவிக்காரவிய எங்க வீட்ட எடுத்தது பூராம் பொய்யி. நீங்க நெசமா எழுதணும். அந்த சோபாவ எங்க வீட்டுக்குள்ளயே வச்சு எழுதிருங்க."

சோபா கருத்தம்மாளுடையது இல்லை என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வாடகைக் கடை சோபாவை வீட்டுக்குள் வைத்து எழுதினால் அது எந்தக் கணக்கில் நிஜம் என்று கேட்க வாயெடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கருத்தம்மாள் அசையாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எழுதுறேன்மா" என்றேன்.

2

முதல் தொடக்கம்:

மேற்கு மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், காளீஸ்வரி தன் கனவுகளை—

வேண்டாம். நடந்தது காலையில். தவிர, கனவு என்ற சொல் முதல் வரியிலேயே வரும் கதையை நானே மூடிவைத்துவிடுவேன்.

இரண்டாவது தொடக்கம்:

ஏழைத் தாயின் ஒரே மகளான காளீஸ்வரி—

இது என் வரியே இல்லை. டிவியில் ஒரு கனத்த குரல் இதைச் சொல்லித்தான் ஆரம்பித்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கத்தில் அலங்காரம் ஒன்றும் இல்லை, தகவல்தான். காளீஸ்வரி கருத்தம்மாளின் மகள். அப்பா இல்லை. ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் வேலை. புது இயக்குநர்களைத் தேடும் போட்டி ஒன்று டிவியில் வந்தது, 'பத்து நிமிஷ டைரக்டர்' என்று. வாரம் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். நடுவர்கள் மார்க் போடுவார்கள், ஒருவர் வெளியேறுவார். காளீஸ்வரி அதில் தேர்வாகிச் சென்னைக்குப் போனாள்.

அவள் எடுத்தது எல்லாம் சிரிப்புப் படம். ஒன்றில், வீடியோகிராபர் ஒருவன் மண்டபம் மாறிப் போய் வேறு யாருடைய கல்யாணத்தையோ முகூர்த்தம்வரை எடுத்துவிடுவான். அய்யனார் கோவில் அருவியில் எடுத்த இன்னொன்றில், ஒற்றைச் செருப்பை ஆற்றில் விட்டவன் அடுத்தவர் கால்களையே பார்த்துக்கொண்டு திரிவான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நடுவர்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா மனசைத் தொடலையே" என்று குறைந்த மார்க் போட்டார்கள். பட்டியலில் கடைசிக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரம் வெளியேறப்போவது அவள்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் போட்டியாளர்களின் வீட்டைப் படம்பிடிக்க வந்தார்கள்.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். (கட்டுரை வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தெருவே தயாராகும். ஒரு வீட்டு நாற்காலி வரும், இன்னொரு வீட்டு ஜன்னல் துணி வரும், கண்ணாடி டம்ளர் வேறொரு வீட்டிலிருந்து வரும். வந்தவர்கள் போனதும் சாமான்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும். அவர்கள் தெருவிலும் இதேதான் நடக்கும்.

"அம்மா, ஒன்னும் செய்யாத. வீடு இருக்கபடிக்கே இருக்கட்டும்" என்று காளீஸ்வரி போனில் சொல்லியிருந்தாள். எந்தப் பெண்தான் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்? கருத்தம்மாள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. மகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு ஜெயசித்ரா பூப்போட்ட கர்ட்டன் கொடுத்தாள். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் காதர் பாய் சோபாவை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சோபா. சிவப்பு வெல்வெட், தங்க நிறக் கைப்பிடி, இரண்டு பக்கமும் சிங்கத் தலை. வாடகை கேட்கவில்லை. "எம்மக சப்ரீன் நாளைக்கு டிவியில வந்தா நீ தரமாட்டியா?" என்றாராம்.

வீட்டில் பாதியை சோபாவே அடைத்துக்கொண்டது. கருத்தம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

4

படம்பிடிக்க வந்தவர்களுக்குத் தலைவனாக வந்தவன் இம்மானுவேல். சென்னைக்காரன், சின்ன வயசு. காளீஸ்வரியும் அவர்களுடைய வேனில்தான் வந்து இறங்கினாள்.

இம்மானுவேலைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டேன், வாயில் சூயிங்கம் போட்டேன். நிற்கவில்லை. கருத்தம்மாளே விடவில்லை. "அந்தத் தம்பிய ஒன்னும் சொல்லாதிய. காப்பி குடிச்ச டம்ளர அவரே கழுவி வச்சாரு" என்றார். எனவே கண்ணாடியைக் கழற்றுகிறேன்.

"அம்மா, இதெல்லாம் ரொம்ப அழகா இருக்கு" என்றான் இம்மானுவேல். "ஆனா நீங்க எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படித்தாம்மா எங்களுக்கு வேணும்."

சோபா வெளியே போனது. கர்ட்டன் போனது. கண்ணாடி டம்ளர்கள் போயின. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. இரவல் சாமான்கள் போன பிறகு வீட்டின் சொந்தச் சாமான்களும் கிளம்பின. மிக்ஸி, கேஸ் அடுப்பு, கடைசியாக டிவி. மகளைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று கருத்தம்மாள் தவணையில் வாங்கிய டிவி அது. எல்லாவற்றையும் தெருவில் கிடந்த சோபாவின் மேலேயே வைத்தார்கள். சிங்கத் தலைகளுக்கு நடுவில் டிவியும் கேஸ் அடுப்பும் மாப்பிள்ளை பெண்ணாக உட்கார்ந்திருந்தன. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

பிறகு விறகடுப்பு வேண்டும் என்றார்கள். கருத்தம்மாள் விறகில் சமைப்பதை விட்டு வருஷங்களாகிவிட்டன. ஜெயசித்ரா வீட்டுக் கொல்லையில் வெந்நீர் போடுகிற மண் அடுப்பு இருந்தது. அன்றைக்குத் தெருவில் இரவல் வாங்கியதில் வீட்டுக்குள் அனுமதி கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

"நீங்கதானே டைரக்டர், இந்த ஷாட்டை நீங்களே எடுங்க. உங்களுக்கும் மார்க்குக்கு நல்லது" என்று இம்மானுவேல் காளீஸ்வரியிடம் சொன்னான்.

அவள் மானிட்டருக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அம்மா, குனிஞ்சு ஊது."

கருத்தம்மாள் ஊதினார்.

"இன்னொரு தடவம்மா. கேமராவப் பாக்காத."

மறுபடி ஊதினார். விறகு ஈரம்.* வீடு முழுக்கப் புகை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. முந்தானையை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனார்.

"கண்ணத் தொடைக்காதம்மா. அப்படியே இரு."

* வேண்டுமென்றே ஈர விறகு வைத்தார்கள் என்று எழுதினால் காட்சி சூடு பிடிக்கும். முந்தின நாள் மழை, அவ்வளவுதான்.

5

டிவியில் அந்தக் கண்ணீருக்கு வயலின் போட்டிருந்தார்கள். ஒரு நடுவர் மேடையை விட்டு இறங்கி வந்து காளீஸ்வரியைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த வாரம் அவள் வெளியேறவில்லை. அதற்குப் பிறகு அவள் சிரிப்புப் படமும் எடுக்கவில்லை. "உன் வலியை எடும்மா" என்றார்கள், எடுத்தாள். இறுதிச் சுற்றுவரை போனாள். பட்டம் கிடைக்கவில்லை, ஆனால் ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டுவிட்டார். முதல் படத்துக்கு இப்போது கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அழுகிற அம்மா கதைதான் வேண்டும் என்கிறாராம்.

மம்சாபுரத்தில் வேறு மாதிரி நடந்தது. ஆலையில் கூட வேலை செய்பவர்கள் பழைய சேலைகளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு நற்பணி மன்றத்தார் மாலையும் போட்டோகிராபருமாக வந்து ஒரு கேஸ் அடுப்பை இனாமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் அவருடைய சொந்த அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. போட்டோவில் அது தெரிந்துவிடக் கூடாது என்று கருத்தம்மாள் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்று வாங்கிக்கொண்டார். ஜெயசித்ரா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "நாங்க இம்புட்டுப் பேரு இருந்தும் தெரு உன்னயப் பட்டினி போட்ட மாதிரில்ல காட்டிட்டாவ" என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம்.

காளீஸ்வரி அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. போன் வரும். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீ?" "ம்." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஓடாது.

இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டுத் தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தேன். கதாசிரியன் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மம்சாபுரம் போய் கருத்தம்மாளுக்கு முதல் முடிவை வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: சோபா வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கருத்தம்மாள் அதில் சாய்ந்து உட்கார்ந்து, சிங்கத் தலையில் கையை வைத்துக்கொண்டு, "எம்மக சின்னப் புள்ளையிலருந்தே எல்லாரையும் சிரிக்க வப்பா" என்று கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். பின்னால் ஜெயசித்ராவின் கர்ட்டன் ஆடுகிறது.

"செத்த திருப்பி வாசிங்க" என்றார். மறுபடி வாசித்தேன். கை இரண்டையும் மடியிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார். சோபாவில் இருக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

"பொறவு?"

"பொறவு என்ன, டிவியில வருது. எல்லாரும் சந்தோசமாப் பாக்காங்க."

"எம்மக?"

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "அவ அந்த வாரத்தோட வெளிய வந்துருதா. திரும்ப ராஜபாளையம் ஸ்டுடியோ வேலைக்கே வந்துருதா. தினம் பஸ்ஸுல வீட்டுக்கு வருதா."

"சினிமா?"

"கெடையாதும்மா. சோபாவப் பாத்து யாரு அழப்போறாங்க?"

கருத்தம்மாள் எழுந்து உள்ளே போனார். ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. தினம் பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற மகளை அவர் அங்கே நின்று கொஞ்ச நேரம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சோபாவ வெளிய எடுத்துருங்க அண்ணாச்சி."

"நீங்கதானம்மா உள்ள வைக்கச் சொன்னிய—"

"நாந்தான் சொன்னேன். இப்பயும் நாந்தான் சொல்லுதேன். எடுத்துருங்க. அன்னைக்கி ஆளுவ தூக்கிட்டுப் போனாவ. கதையில நானே தூக்கி வெளிய போட்டதா இருக்கட்டும்."

இரண்டாவது முடிவை நான் வாசிக்கவே இல்லை. அது நடந்ததுதானே.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "ஒன்னு மட்டும் சேத்துக்கிடுங்க. கண்ணத் தொடைக்காதன்னு சொன்னாள்ல, அப்ப அவ கண்ணும் கலங்கியிருந்துச்சுன்னு எழுதுங்க."

"கலங்கியிருந்துச்சா?"

"பொகையில எனக்கு எங்கன தெரிஞ்சுச்சு? நீங்க எழுதுங்க."

7

எழுதிவிடலாம். ஒரு வரிதான். கதை எழுதுகிறவனுக்கு ஒருத்தியின் கண்ணைக் கலங்க வைப்பது பெரிய காரியமா? ஆனால் கருத்தம்மாள் முதல் நாளே சொல்லியிருக்கிறார், நெசமா எழுதணும் என்று.

அந்த நிகழ்ச்சியை இணையத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடுப்பு தெரிகிறது, புகை தெரிகிறது, கருத்தம்மாள் தெரிகிறார். இயக்குநர் கேமராவுக்கு இந்தப் பக்கம் நிற்பவர். இந்தப் பக்கத்தை யாரும் எடுக்கவில்லை.

காளீஸ்வரிக்குப் போன் போட்டேன். யார் என்று சொல்லி, விஷயத்தையும் நேராகக் கேட்டேன்.

"மானிட்டரத்தான் சார் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ஷாட்டு நல்லா வந்திருக்கான்னு." குரலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "அம்மா கேக்கச் சொன்னாங்களா?"

"இல்லம்மா, நானாத்தான் கேக்கேன்."

"அப்ப அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போன் வைக்கப்பட்டுவிட்டது. நான் எத்தனையோ வாக்கியங்களைப் பாதியில் விட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. திருப்பிக் கூப்பிடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே நான்காம் பகுதியின் கடைசி இடத்தில் சேர்ப்பதற்கு ஒரு வரியை இப்படி எழுதி விட்டிருக்கிறேன்:

"கண்ணத் தொடைக்காதம்மா. அப்படியே இரு" என்றாள் காளீஸ்வரி. அப்போது அவள் கண்கள் (                              ).

அடைப்புக்குறிக்குள் நான் எழுதி எழுதி அழித்ததைச் சொல்லமாட்டேன். நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். நிரப்பிய பிறகு ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்துவிடுங்கள். ஏனென்றால் அதை மம்சாபுரத்தில் உட்கார்ந்து வாசிக்கப்போகிறவன் நான். இந்தத் தடவை வீட்டில் புகை இருக்காது. கருத்தம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.