ஆணிக்கடியில் கொஞ்சம் பச்சை

ரயில் வராமல் போன அந்தப் பழைய ஸ்டேஷனின் சரக்கறைக் கதவுக்கு முன்னால் டிரைவர் போய் நின்றதும் நாற்காலிக்காரம்மாவின் கண்ணில் அதன் பச்சை பட்டது. கைப்பைக்குள் கையை விட்டு, தைலம் தீர்ந்துபோன அந்தச் சின்னத் தகர டப்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வாழ்நாளெல்லாம் கிழிந்த சோபாவுக்கு ஒட்டுப் போட்டு, ஒட்டு தெரியாமல் நிறம் சேர்த்த கண் அது. கதவின் பச்சையும் டப்பிக்குள் இருக்கும் துணியின் பச்சையும் ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி இருந்தன. இருட்டான, ஈரம் காயாதது போன்ற, ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் தட்டிய பச்சை.

டிரைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மூக்கு கதவில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். சரி, இன்றோடு முடிந்தது என்று நாற்காலிக்காரம்மா நினைத்துக்கொண்டாள். முடிந்தால் நல்லதுதானே என்று உடனே இன்னொன்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

"இல்ல மாஸ்டர்," என்றார் டிரைவர். "இதுல மஞ்ச ஜாஸ்தி."

"மஞ்சளா? இதுலயா?"

"நல்லாப் பாருங்க. வெயில்ல கண்ணை ஏமாத்துது."

வெயிலே இல்லை. காலையிலிருந்து வானம் போர்த்திக்கொண்டு கிடந்தது. அவர் பாட்டுக்கு நடைமேடையின் கோடிக்கு நடந்து போய், அங்கே வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு விற்ற சுண்டல் பொட்டலம் இரண்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஒன்றை அவளிடம் நீட்டி, "காரம் கம்மியாத்தான் போடச் சொன்னேன், உங்களுக்கு ஆகாதே," என்றார். சுண்டலை வாங்கிக்கொண்டாள்.

அவளை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, உடைந்த நாற்காலியையும் உட்கார்ந்துபோன சோபாவையும் பிரித்துச் சேர்த்து மெருகேற்றித் தருகிறவள், அதனால் நாற்காலிக்காரம்மா. டிரைவர் மட்டும் மாஸ்டர் என்பார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு சாய்வு நாற்காலியை ஆட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். மேலே பழுப்பு ரெக்சின், அதற்கடியில் பூப்போட்ட துணி. "இது ரெண்டும் வேணாம். இதுக்கும் முன்னாடி ஒரு பச்சைத்துணி இருந்துச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தா எங்கம்மா இந்த நாற்காலியிலதான் போடுவாங்க. கைப்பிடியில கன்னத்த வெச்சுப்பேன், ஜில்லுன்னு இருக்கும். அந்தப் பச்சை வேணும்," என்றார்.

அவள் மாதிரித் துணிப் புத்தகத்தை எடுத்துப் போட்டாள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, பாட்டில் பச்சை எல்லாவற்றையும் புரட்டிவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். "எனக்குச் சொல்லத் தெரியாது மாஸ்டர், காட்டத்தான் தெரியும். அணைக்கட்டுக்குப் போற வழியில ஒரு தடவ வண்டி ஓட்டும்போது பாத்தேன். ஞாயித்துக்கிழம சும்மாத்தானே இருப்பீங்க? வாங்க, காட்டுறேன்."

அப்படிக் கிளம்பியதுதான். அணைக்கட்டில் அந்தப் பச்சை இல்லை. அடுத்த ஞாயிறு நாற்றுப் பண்ணை. அதற்கடுத்து மலை மேல் பார்வை மேடை, பிறகு செத்த பறவைகளைப் பஞ்சடைத்து வைத்திருந்த ஒரு காட்சிசாலை. "எல்லா ஊருக்கும் போயிருக்கேன், எந்த ஊர்லயும் இறங்கிப் பாத்ததில்ல," என்பார் டிரைவர். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். ஓட்டுகிறவனை முணுமுணுவென்று திட்டுவார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கொட்டகையில் வாய் நிறைய ஆணியைக் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகியவளுக்கு, சிரித்துப் பேசிக்கொண்டு போவதே ஒரு பெரிய ஊர்சுற்றலாக இருந்தது.

சிக்கல் அந்த டப்பியில் இருந்தது. நாற்காலியைப் பிரித்த அன்றைக்கே, முதுகுச் சட்டத்தில் துருவேறிய ஓர் ஆணியைப் பிடுங்கியபோது அதன் தலைக்கடியில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு அகப்பட்டது. வெளிச்சம் படாததால் நேற்று நெய்தது மாதிரி இருந்தது. அவர் சொன்ன அதே பச்சை. முதல் அணைக்கட்டுப் பயணத்துக்கு முந்தின நாள் அது. காட்டியிருந்தால் பயணமே இருந்திருக்காது. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று டப்பியில் போட்டாள். வந்து சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இப்போது இந்தக் கதவு வேறு வந்து குறுக்கே நின்றுகொண்டது. அவருக்கு உண்மையிலேயே அந்த நிறம் மறந்துபோயிருந்தால், அவர் கண் முன்னால் இருக்கிற பொருளை ஒளித்துவைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து தேடுகிறவள் அவள். அதற்குத் திருட்டைத் தவிர வேறு பெயர் கிடையாது. மறக்கவில்லை, தெரிந்துதான் இல்லை என்றார் என்றால்? அப்போது டப்பியைத் திறந்து காட்டுவது, ஒரு மனுஷனின் மூடிய கைக்குள் விரலை விட்டுப் பிரிப்பது மாதிரி ஆகிவிடும். பஸ்ஸில் திரும்பும்போது அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். அதில் அந்தப் பஸ்ஸை ஓட்டியவன் மேல் இருந்த எரிச்சலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

மறுநாள் போன் வந்தது. டிரைவரின் மகள்.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. அப்பா நாற்காலி இன்னும் முடியலையா? பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து முதுகு வலின்னு சொல்றாரு. கேட்டா, 'அந்தம்மாவுக்குத் துணி அமைய மாட்டேங்குது, பாவம், ஞாயித்துக்கிழமகூட அலையுறாங்க, நானும் துணைக்குப் போறேன்'ங்கறாரு. உங்களால முடியலன்னா பரவால்ல ஆன்ட்டி. புதன்கிழம வண்டி அனுப்புறேன், அப்படியே ஏத்தி விட்டுடுங்க. வேற எடத்துல குடுத்துக்கறோம். இந்தப் புதன் இல்ல, அடுத்த புதன்."

"சரிங்க," என்றாள் நாற்காலிக்காரம்மா.

போனை வைத்த பிறகுதான் சுர்ரென்று ஏறியது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போய் யாருடைய மேசையையோ போட்டுத் தேய்த்தாள். மருமகள் டீயோடு வந்து, "அத்தை, அது மேசை. கரும்பலகை இல்ல, அழிக்கறதுக்கு," என்றாள்.

"நான் அலையுறேனாம். அவரு துணைக்கு வர்றாராம். பாவமாம் நானு!"

முழுக் கதையும் அப்போதுதான் வெளியே வந்தது, டப்பி உட்பட. மருமகள் துணுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முதலில் கண்ணை விரித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, ராத்திரி வேலை முடிந்து தூங்கும் புருஷன் எழுந்துவிடப் போகிறானே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆக, எனக்குத் தெரியாம இவ்வளவு நடந்திருக்கு. மேட்சிங் பாக்கப் போறேன் மேட்சிங் பாக்கப் போறேன்னு, மேட்சிங்க பைக்குள்ளயே வெச்சுக்கிட்டுப் போயிருக்கீங்க!"

"சிரிக்காதடி. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. அவருக்கு மறந்துபோச்சா, இல்ல வேணும்னே சொல்றாரா?"

"வேணும்னே சொன்னா உங்களுக்கு நல்லதா, மறந்துபோயிருந்தா நல்லதா?"

நாற்காலிக்காரம்மா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"சரி, துணியப் போட்டு முடிச்சுக் குடுத்துடுங்க," என்றாள் மருமகள். "முடிச்சா வெளிய போகக் கூடாதுன்னு யாராவது சட்டம் போட்டுருக்காங்களா?"

"நாற்காலி முடிஞ்சப்புறம் என்ன காரணம் சொல்லிட்டுப் போறது?"

"யாருக்குச் சொல்லணும்?"

மகனுக்கா, தெருவுக்கா, அந்த மகளுக்கா? தனக்குத்தானே ஒரு காரணம் வேண்டியிருந்தது என்று மருமகளிடம் எப்படிச் சொல்வது? நாற்காலிக்காரம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் காரணம் இல்லாமல் எங்கேயும் கூட்டிப் போனவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள், துக்கத்துக்குப் போனாள், சந்தைக்கு மரம் பார்க்கப் போனாள். போன இடத்தில் நின்று வேடிக்கை பார்த்ததில்லை. இந்த வயதில் இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெயர் வைக்காமல் இருக்கும்வரை அது பச்சைத்துணி தேடும் வேலையாகவே இருந்தது. அதில் ஒரு நிம்மதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றைக் கடக்கும் பெரிய படகுக்குப் போனார்கள். அக்கரையில் ஒரு தோப்பு இருக்கிறது, அங்கே நிழல் அந்த நிறத்தில் விழும் என்றார் டிரைவர். படகு எதிர்க்கரையில் நின்றது. வரும்வரை கரையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் இன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருந்தாள். முடிவு ஆறிப்போவதற்குள் டப்பியைத் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

"என்ன இது?"

"பாருங்க."

அவர் துணுக்கை இரண்டு விரலால் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு காரியம் செய்தார்; அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நகம் அளவுத் துணி. அதை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெடச்சுது?"

"உங்க நாற்காலியிலதான். முதுகுச் சட்டத்துல, ஒரு ஆணிக்கடியில."

"எப்ப?"

"பிரிச்ச அன்னிக்கே."

திட்டுவார் என்று காத்திருந்தாள். சிரித்தாலும் சிரிக்கலாம் என்று அதற்கும் தயாராக இருந்தாள்.

"இது இல்ல மாஸ்டர்," என்றார்.

"டிரைவர், இது உங்க நாற்காலித் துணி. நானே பிடுங்கி எடுத்தது."

"நாற்காலித் துணியா இருக்கும். நான் சொன்னது இது இல்ல."

குரலில் வீம்பு இல்லை. கிண்டலும் இல்லை. கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது; ஆற்றுக் காற்று அவளுடைய கண்ணையும் கலக்கிக்கொண்டுதான் இருந்தது. இல்லை என்று சொன்ன மனுஷன் துணுக்கைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். காலி டப்பியை மட்டும் மூடி அவள் கையில் கொடுத்தார்.

"எம் பொண்ணு போன் பண்ணாளா?"

"பண்ணாங்க. வர்ற புதன்கிழம வண்டி வருதாம். எனக்கு வேலை ஓட மாட்டேங்குதுன்னு வேற எடத்துல குடுக்கப் போறாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன். வேற என்ன சொல்ல? நீங்கதான் பாவம்னு பட்டம் குடுத்து வெச்சிருக்கீங்களே."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வண்டி வந்தா, இன்னும் வேலை முடியலன்னு சொல்லி அனுப்பிடுங்க."

"முடிக்கச் சொல்றீங்களா, முடிக்க வேணாங்கறீங்களா?"

"முடியலன்னு சொல்லச் சொல்றேன்."

"எம் பேரு கெட்டுப்போயிடும் டிரைவர். நாலு பேரு நாற்காலி குடுக்க மாட்டாங்க."

"குடுக்கலன்னா சனிக்கிழமயும் ஃப்ரீயா இருக்கும்," என்றார்.

அவள் வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள். சிரிக்கிறாரா? உதடு அசையவே இல்லை. பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பரிடம் புறப்படும் நேரம் சொல்கிற முகம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் பாதி வழியிலேயே வேறென்னவோ ஆனது. வேலையில் ஒருத்தன் குறை சொன்னால் உளியைத் தூக்கிப் போட்டுச் சண்டைக்குப் போகிறவள், இன்னொருத்தர் வேலை தெரியாதவளாக இரு என்று கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே! புதன்கிழமை வண்டிக்காரனிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று யோசித்தாள். முடியவில்லை என்ற வார்த்தையை மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பொய் மாதிரி இல்லை. நிஜம் மாதிரியும் இல்லை.

படகு வந்து முட்டியது. சைக்கிள்களும் கூடைகளும் ஒரு நாய்க்குட்டியும் இறங்கின. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிற தட்டைப் படகு அது. ஓட்டுகிறவன் எழுந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய் உட்கார்ந்துகொண்டான். டிரைவர் முதலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் பிடித்து ஏறுவதற்கு இன்னொரு கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். ஏறிய பிறகு யார் முதலில் விட்டார்கள் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை.

நடு ஆற்றில் இஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. டிரைவர் அக்கரையைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அவள் காதைக் காட்டினாள். அவர் கையை நீட்டி, சுட்டு விரலால் காட்டினார். அவள் அந்த விரலின் வழியே பார்த்தாள். தோப்பு தெரிந்தது. தோப்புக்கு முன்னால் பாசி பிடித்த படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே தண்ணீரில் தோப்பின் நிழல். எதைக் காட்டுகிறார் என்று கேட்கத் திரும்பினாள். அவர் விரல் ஆடாமல் நேராகத்தான் நின்றது. படகுதான் நீரோட்டத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. விரல் தோப்பைத் தாண்டியது, படிக்கட்டைத் தாண்டியது, துணி துவைக்கும் பெண்களைத் தாண்டியது, ஒரு தகரக் கூரையையும் புல்மேட்டையும் தாண்டி, கரையே இல்லாத வெறும் தண்ணீருக்கு வந்தது.