ரத்தக்குழாய் வரைக்கும்

எங்கள் வீட்டில் யாரும் எடுத்த வேலையைப் பாதியில் விட்டதில்லை. மகனைக் கட்டிவந்த என் டாக்டர் மருமகள் ஓர் அறுவை சிகிச்சையில் ஒரு பகுதியை மட்டும் செய்வாள் என்று கேட்டபோது எனக்கு முகம் கருத்துவிட்டது.

தம்பிக்குப் பெருங்குடலில் புற்றுநோய். வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, திரையைப் பார்த்தபடி கட்டியை வெட்டி எடுப்பார்கள். மருமகள் பயின்றுகொண்டிருந்தது அதைத்தான். சாப்பாட்டு மேசையில் துளையிட்ட செருப்புப் பெட்டி ஒன்று இருக்கும். நீண்ட இடுக்கிகளை அதில் நுழைத்து, மேலே பொருத்திய கைப்பேசியைப் பார்த்து நூல் முடிந்து பழகுவாள். கை வலப்பக்கம் போனால் முனை இடப்பக்கம் போகும்.

"என்னம்மா, எலி புடிக்கிறியா?" என்பான் தம்பி.

"புடிச்சா உங்க வயித்துல விட்டுடறேன் சின்ன மாமா."

'எங்க வீட்டுப் பொண்ணே ஆபரேஷன் பண்ணப்போறா' என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியிருந்தேன். மச்சான் வந்திருந்த அன்று அவளே அதை உடைத்தாள்.

"முழுசா நான் இல்ல மாமா. முதல்ல கேமரா மட்டும் பிடிச்சேன். அப்புறம் குடலைப் பக்கத்துலேருந்து பிரிச்சுவிடக் கத்துக்கிட்டேன். இப்பதான் முதல் தடவையா ரத்தக்குழாயை மூடி வெட்ட சீஃப் விடறார். சின்ன மாமாவே கேட்டுக்கிட்டதால சரின்னார். மிச்சமெல்லாம் அவர்தான்."

"அப்ப டாக்டருக்கு டார்ச் அடிக்கிற வேலைன்னு சொல்லு" என்று மச்சான் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அவளிடம் சொல்லாமல் சீஃப் டாக்டரின் அறைக்குப் போனேன்.

"எங்க வீட்டு உடம்பு. நாங்களே சொல்றோம். முழுசா அவளே பண்ணட்டும்."

அவர் தன் கணினியில் ஒரு பதிவை ஓடவிட்டார். மஞ்சள் கொழுப்பின் அருகே இரண்டு முனைகள் தயங்கி நின்றன.

"இது உங்க மருமக கை. இங்க சந்தேகம் வந்துது, நிறுத்திட்டா. நான் வாங்கிக்கிட்டேன். அப்படி நிறுத்தினதாலதான் அடுத்த படிக்கே விட்டேன். வெளிய நீங்க முழுசா, முழுசான்னு உக்காந்திருந்தா அவ நிறுத்துவாளா சார்?"

அவர் பதிவை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொந்தக்காரர்னு ஆரம்பத்துலயே யோசிச்சேன். இந்த கேஸ்ல அவ வேண்டாம்."

அறுவை சிகிச்சையன்று, அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு டாக்டருக்கு அந்த ரத்தக்குழாய் போயிற்று. அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். விரல்கள் கைப்பையின் வாரில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தன.

"காபி வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் மாமா."

ஏன் போனீர்கள் என்று அவள் கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம்.

தம்பி தேறி வீடு வந்தான். பார்க்க வந்த மச்சானிடம் சட்டையைத் தூக்கிக் காட்டினான். "பாருங்க, கொசு கடிச்ச மாதிரி இருக்கு. எல்லாம் நம்ம பொண்ணு கைவேலை!"

அவனுக்கு எல்லாம் தெரியும். என் மானத்துக்காகத்தான் சொன்னான். மச்சான் என் முகத்தைப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நான் பண்ணல சின்ன மாமா" என்றாள் மருமகள், தட்டுகளை வைத்தபடியே. "நான் மாமாகூட வெளிய உக்காந்திருந்தேன்."

மச்சானுக்குத் தட்டு வைக்க இடமில்லை. செருப்புப் பெட்டியை எடுத்து அலமாரியின் மேல் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே பழகிவிட்டு வருகிறாளாம். மகன்தான் சொன்னான்.