ஆர்லோ வாங்கிய கியர்பாக்ஸ்

மொண்டானாவில் எங்கள் தெருவிலிருந்து ஆர்லோவின் டீசல் பிக்கப் வண்டி கிளம்பினால் மூன்று மாவட்டத்துக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். எஞ்சினின் இழுவிசையை அவ்வளவு ஏற்றி வைத்திருந்தான். கியர்பாக்ஸ்தான் பாவம், பின்னால் மாட்டி இழுக்கும் சக்கரம் வைத்த பயண வீட்டை இழுத்துக்கொண்டு மலையேறுகையில் இரண்டு கருகிப்போயின.

"இந்தக் குளிருக்கும் வெயிலடிக்கிற அரிசோனா போய்ச் சேரலைன்னா, நான் தனியா விமானம் ஏறிடுவேன்" என்று சொல்லிவிட்டாள் அவன் மனைவி டெல்லா.

கியர்பாக்ஸ் கட்டித் தரும் ரூடியிடம் நானும் ஆர்லோவும் போனோம். யானையையே இழுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றை ஆர்லோ ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஓட்டப்போறது யாரு?" என்று கேட்டான் ரூடி.

"நான்தான்."

"உன் வலது காலுக்கு இதுவும் தாங்காதுப்பா. டெல்லா ஓட்டுனாங்கன்னா கம்பெனியில போட்டுத் தர்ற சாதா கியர்பாக்ஸே போதும்."

ஆர்லோ விறுவிறுவென்று கடையை விட்டு வெளியேறினான். ஒரு வாரம் கழித்து, இருப்பதிலேயே பெரியதை வாங்கிப் பொருத்திவிட்டு, சாவியை டெல்லாவிடம் கொடுத்தான்.

வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் அரிசோனா போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டு போனவன், இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறான்:

"நல்ல கியர்பாக்ஸா போட்டா மலையேறுறதே தெரியாதுய்யா."